யாருக்கென்று சொல்லாத விதை

வெளிர் நீலத்தில் கோடு போட்ட டெரிலின் சட்டை அது. முழுக்கையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு மடித்துவிட்டுத்தான் என் கணவர் அதைப் போடுவார். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் என் மாமியார் அவருடைய துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் ஊறவைத்தார். துவைத்து மடித்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்தார்கள். நான் பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருந்தேன். அத்தை அந்தச் சட்டையைக் கல்லின் மேல் போட்டார். அடிப்பதற்கு முன், பழக்கத்தில், பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நனைந்து கூழாகிப்போன ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. உள்ளே இருபது இருபத்தைந்து விதைகள். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், மிளகைவிடச் சிறியவை, ஒவ்வொன்றும் சின்னச் சிறுநீரகம் போல ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது.

"ஏம்மா, இன்னா வெதை இது?" என்று கேட்டார்.

"தெரியல அத்தை."

"வெண்டை மாதிரி கீது. ஊறிப்போச்சு."

காகிதத்தை உள்ளங்கையில் விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்தான், ஆனால் படிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆபீஸ் படிவத்தின் ஓரத்தைக் கிழித்து மடித்த பொட்டலம். மை கரைந்து காகிதம் முழுக்க நீலமாகியிருந்தது. அத்தை விதைகளை மதில் ஓரமாக, கிணற்றுத் தண்ணீர் ஓடி வடியும் இடத்தில் வீசிவிட்டுத் துவைக்கத் தொடங்கினார். நான் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் திருத்தணி தாலுகாவில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமங்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன. பாதித் தூரம் பஸ், மீதி சைக்கிள், அதற்கும் மேல் நடை. கல்யாணமாகி இரண்டு வருஷமும் சில மாதங்களும்தான். குழந்தை இல்லை. மலைக்குக் கீழே, குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். சொந்த ஊர் அவருக்குப் பள்ளிப்பட்டு, தமிழும் தெலுங்கும் பேசும் நெசவுக் குடும்பம். எனக்கு வேலூர்.

அந்த வைகாசியில் ஜமாபந்தி, அதாவது வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை வேலை கழுத்தை நெரித்தது. ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு அழைத்துப்போகிறேன், அண்ணன் வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று சொல்லியிருந்தார். நான் புடவையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். விடிந்ததும், "இல்ல, எல்லைப் பக்கம் ஒரு கிராமத்துல அடங்கல் கணக்கு பார்க்கணும், போயே ஆகணும்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தி சாயும் நேரத்துக்குத்தான் வந்தார். நான் பேசவில்லை. சாதத்தைப் போட்டுத் தட்டை நகர்த்தினேன். பாதி சாப்பிட்டுவிட்டுத் தலை வலிக்கிறது என்றார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. கூப்பிட்டால் விழிக்கிறார், அடையாளம் தெரியவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். வாடகைக் காரில் மெட்ராஸுக்குக் கொண்டுபோனோம். பள்ளிப்பட்டிலிருந்து அத்தையும் அவருடைய மூத்த மகனும் வந்து சேர்ந்தார்கள். "நைனா, நைனா" என்று அத்தை என் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் கூப்பிட்டதுபோலவே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமை மதியம் எல்லாம் முடிந்துவிட்டது. தலை வலிக்கிறது என்பதுதான் என்னிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தை. பதில் சொல்லாமல் இருந்ததுதான் நான் அவருக்குச் சொன்ன கடைசி வார்த்தை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் அண்ணனிடம்கூட.

எனக்கு அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்களுடைய தலையெண்ணெய் வாசனையைக் கவனித்தேன். நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் பாதத்தில் வரும் மரமரப்பு எனக்கு உடம்பு முழுவதும் வந்திருந்தது. ஒருநாள் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியிருக்கிறேன். கொப்புளத்தை அத்தை பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. "கல்லு மாதிரி குந்திகினு கீறாளே, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே" என்று பக்கத்துப் போர்ஷன்காரம்மாள் வாசலில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

அண்ணன் வேலூருக்கே வந்துவிடு என்றார். அதற்குள் கருணை அடிப்படையில் தாலுகா ஆபீஸிலேயே டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் டைப்பிங் பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். தனியாக எப்படி இருப்பாய் என்று எல்லோரும் கேட்டபோது, "வருஷத் திதி வரிக்கும் நான் இருக்கறேன்" என்றார் அத்தை. யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இருந்ததில்லை, நெருக்கமும் இருந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மகன் பள்ளிப்பட்டுக்கு வருவது குறைந்துபோனதில் அவருக்கு வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். இப்போது அந்த மகனின் வீட்டில், மகன் இல்லாமல், நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். காலையில் நான் ஆபீஸ் போவேன். மாலையில் வந்தால் காப்பி இருக்கும். "மழை வரும்போல கீது." "ஆங், அத்தை." இவ்வளவுதான் பேச்சு.

ஆபீஸில் என்னை எல்லோரும் மெதுவாகத்தான் கூப்பிட்டார்கள். சொல்லாமலே டீ வரும். மாதத்தில் பாதி நாள் என் கணவர் வந்துபோன இடம். அவருடைய கையெழுத்து உள்ள காகிதங்கள் சில சமயம் என் மேசைக்கே டைப் செய்ய வரும். நான் அடித்துக் கொடுத்துவிடுவேன். பிழை இருக்காது. ஹெட் கிளார்க் அதைப் பாராட்டியபோது சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டது நினைவிருக்கிறது.

ஆடிக் கிருத்திகை அன்று ஆபீஸ் விடுமுறை. தெருவெல்லாம் காவடி. தமிழிலும் தெலுங்கிலுமாக அரோகரா சத்தம் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. தீட்டு வீடு என்பதால் நாங்கள் கதவைச் சாத்தி உள்ளே இருந்தோம். அப்போது அத்தை பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"பொண்ணே, இங்க வா. அது மொளச்சிருக்குது பாரு."

மதில் ஓரத்தில் ஆறு செடிகள். ஒரு சாண் உயரம். அன்று சட்டைப்பையிலிருந்து வீசியவை என்பதில் சந்தேகமில்லை. அந்த இடத்தில் வேறு எதுவும் போட்டதில்லை. அத்தை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். "வெண்டைதான்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "எனக்குத்தான் கொண்டாந்திருப்பான். பள்ளிக்கூடம் போறச்ச இருந்து எங்க போனாலும் எனக்கு எதுனா வெதை கொண்டாருவான். பீர்க்கு, சொரை, இன்னா கெடைக்குதோ அது" என்றார். பள்ளிப்பட்டு வீட்டில் தறிக்கொட்டகைக்குப் பின்னால் அவர் போட்டிருந்த தோட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் எனக்குள் வேறொன்று ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழற்றி மாட்டிய சட்டை அது. வேலூருக்குப் போக முடியாத கோபத்தில் நான் இருக்கிறேன் என்று தெரிந்து வீட்டுக்கு வந்த மனிதர், பையில் வைத்திருந்தது அது. எனக்கென்று கொண்டுவந்து, நான் முகம் கொடுக்காததால் எடுத்துக் கொடுக்காமல் படுத்துவிட்டாரோ? இந்த எண்ணம் வந்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கோப்பில் விடுபட்ட தாள் எங்கே என்று தேடுவதுபோல, அது என்ன செடி, யாருக்காக என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

ஆறில் இரண்டை ஆடு தின்றது. ஒன்று அழுகிப்போனது. மீதி மூன்றும் புரட்டாசிக்குள் அத்தையின் தோள் உயரம் வந்துவிட்டன. வளர வளர அது வெண்டை இல்லை என்று தெரிந்தது. தண்டெல்லாம் சுணை. அடி இலை ஒரு மாதிரி, நடு இலை ஒரு மாதிரி, நுனியில் கைவிரல் போலப் பிரிந்த இலை. ஒரே செடியில் மூன்று விதம். பூ மஞ்சள்தான், ஆனால் வெண்டைப் பூவைவிடப் பெரியது, நடுவில் அடர்ந்த அரக்குச் சிவப்பு. காய் கட்டைவிரல் நீளத்துக்குமேல் வளரவில்லை. குண்டாக, ஐந்து பட்டையாக, மேல்நோக்கி நிமிர்ந்து நின்றது. அத்தை பிஞ்சாக நாலு பறித்துப் பொரியல் செய்து பார்த்தார். சுணை நாக்கில் குத்தியது. ஒரு வாய்க்குமேல் இருவராலும் முடியவில்லை. "வெண்டை இல்ல இது" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்றிலிருந்து வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரையும் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டத் தொடங்கினார். கே.ஜி.கண்டிகையிலிருந்து கூடையில் கீரை கொண்டுவரும் அம்மாள், "எங்க கொல்லையில இல்லாத செடியா? பருத்தி ஜாதி இது" என்றாள். பூக்காரி செம்பருத்தியில் ஒரு தினுசு என்றாள். பக்கத்துப் போர்ஷன்காரம்மாள், "பேர் தெரியாத செடியை வீட்ல வெக்காதீங்க, பாம்பு வரும், பிடுங்கிப் போடுங்க" என்றார். அத்தை அடுத்த நாள் செடிகளைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு வைத்தார். நான் பூவும் இலையும் காயுமாக ஒரு கிளையை ஒடித்துச் செய்தித்தாளில் சுற்றி, ஆபீஸ் போகிற வழியில் உயர்நிலைப்பள்ளி சயின்ஸ் வாத்தியாரிடம் காட்டினேன். பூவை பிளேடால் நெடுகப் பிளந்து, மகரந்தமெல்லாம் ஒரு குழாய்போலச் சேர்ந்திருப்பதைக் காட்டி, வெண்டை, பருத்தி, செம்பருத்தி எல்லாம் ஒரே குடும்பம், இதுவும் அதில் ஒன்று என்றார். பெயர் கேட்டேன். "குடும்பம் தெரியுதும்மா, ஆள் யாருன்னு தெரியல. தெரியாததைச் சொல்லக் கூடாது" என்று கிளையைத் திருப்பிக் கொடுத்தார்.

செடியிடம் கேட்பதைவிட அது வந்த இடத்தைத் தேடலாம் என்று எனக்குத் தோன்றியது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அன்றாடம் எங்கே போனார் என்று டைரி எழுத வேண்டும். அவருடைய டைரி ரெக்கார்டு அறையில் இருந்தது. ஹெட் கிளார்க்கிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே எல்லை ஓரத்துக் கிராமத்தின் பெயரும், "தலையாரியுடன் புலத் தணிக்கை" என்று ஒரு வரியும் இருந்தன. சைக்கிளில் போய்ச் சேர்ந்து, வெயிலில் வயல் வயலாக நடந்து, திரும்பி வந்து எங்கே உட்கார்ந்து இதை எழுதினாரோ. எழுத்து கோணாமல் இருந்தது. கிராமக் காவலுக்கும் எடுபிடிக்கும் இருக்கும் அந்தத் தலையாரி ஆபீஸுக்கு எப்போது வருவார் என்று கேட்டேன். கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு மாதத்தில் ஒருமுறையாவது வருவாராம். அந்த மாதம் வந்துபோய்விட்டார். அடுத்த முறைக்காக, காய்ந்துகொண்டிருந்த காய் ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் போட்டு தினமும் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் அவர் வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கி அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு, செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம். நான் யாரென்று தெரிந்ததும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வராந்தாவுக்கு வந்து காயைக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார்.

"கஸ்தூரி பெண்ட."

எனக்குப் புரியவில்லை.

"தமிழ்ல கஸ்தூரி வெண்டைம்மா. மருந்துக் கடைக்காரங்க வாங்குவாங்க. சாப்பிடறதுக்கு ஆவாது." காயை நெரித்து விதைகளை உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தார். "மோந்து பாருங்க."

குனிந்து முகர்ந்தேன். ஜவ்வாது போல ஒரு வாசனை. இத்தனை மாதம் செடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் அதன் வாசனை விதைக்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அவரே சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஒரு பம்புசெட்டு நிழலில் உட்கார்ந்தார்களாம். வேலி ஓரத்தில் போன வருஷத்துச் செடி காய்ந்து நின்றதாம். என் கணவர் சும்மா ஒரு காயை ஒடித்தாராம். தலையாரி தேய்த்துக் காட்டியதும் வாசனையைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, படிவத்து ஓரத்தைக் கிழித்துத் தன் கையாலேயே மடித்துக்கொண்டாராம்.

"யாருக்குன்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. 'நல்லா கீதே'ன்னாரு. ஜோபியில போட்டுக்கினாரு. அவ்ளோதான்."

"எதுவும் சொல்லலையா? வீட்டுக்குன்னோ, அம்மாவுக்குன்னோ..."

நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "சொன்னாருன்னு சொல்றது ஒண்ணும் கஷ்டமில்லம்மா. உங்களைப் பாத்தா சொல்லிடலாம்னுதான் தோணுது. ஆனா அவர் சொல்லல. நானும் கேக்கல. அப்பவே தலை வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு."

அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஆறுதலாக எத்தனையோ பேர் எதையெதையோ சொல்லியிருந்தார்கள். உன் பெயரைத்தான் கடைசியாகக் கூப்பிட்டார் என்று மெட்ராஸில் கூட இல்லாதவர்கள்கூடச் சொன்னார்கள். இவர் ஒருவர்தான் இல்லாததை இல்லை என்று சொன்னார். எனக்கு வருத்தமோ நிம்மதியோ வரவில்லை. "விதையை எப்படி எடுத்து வைக்கணும்?" என்று கேட்டேன். காய் நுனியில் வாய் பிளக்கும்போது பறிக்க வேண்டும், விட்டால் கொட்டிவிடும், வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும் என்றார். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். உள்ளே போய் மிச்சமிருந்த கடிதங்களை அடித்தேன்.

வீட்டுக்குப் போனபோது அத்தை பின்வாசலில் நின்றிருந்தார். தலையாரி வரும்வரை தினமும் காயைக் கொண்டுபோகிறேன் என்று அவருக்குத் தெரியும். செருப்பைக் கழற்றுவதற்குள், "வந்தானா?" என்றார். செடியின் பெயரைச் சொன்னேன். பம்புசெட்டு, வேலி, காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன். விதையைத் தேய்த்து முகரச் சொன்னேன். முகர்ந்துவிட்டு, உள்ளங்கையை மூடி வைத்துக்கொண்டே கேட்டார்.

"யாருக்குன்னு எதுனா சொன்னானாமா?"

அந்த முகத்தை நான் அதற்குமுன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வலது கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. என்னைவிட முப்பது வயது மூத்தவர், பதில் கேட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குன்னு சொல்லித்தான் எடுத்துக்கிட்டாராம்" என்றேன்.

பெரிய மனது பண்ணிச் சொன்னதல்ல. என்னிடம் அப்போது பெரிய மனதும் இல்லை, சின்ன மனதும் இல்லை. எனக்கென்று அவர் சொல்லவில்லை என்பது தெரிந்துவிட்டது. யாருக்கும் இல்லாமல் அது கிடப்பதைவிட ஒருவருக்காவது போகட்டும் என்று நாக்கே முடிவு செய்ததுபோலச் சொல்லிவிட்டேன். அத்தை தலையை மட்டும் ஆட்டினார். பிறகு செடிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் உள்ளே போய் உலை வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த மூன்று செடிகளும் அத்தையின் பொறுப்பு. பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, காய்கிற காய் ஒவ்வொன்றுக்கும் குல்லாய்போலக் கட்டிவிட்டார், பிளந்தாலும் விதை மண்ணில் கொட்டாமல் இருக்க. ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் பச்சை இலைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள் தெரியும். மார்கழி முழுக்கப் பறித்தார். முறத்தில் பரப்பி அடுக்களை மூலையில் உலர்த்தினார். பூச்சி அரித்தது, சுருங்கியது, பச்சை மாறாதது எல்லாவற்றையும் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பொறுக்கி எறிந்தார். நல்லவை ஒரு கண்ணாடிப் புட்டிக்கு முக்கால் வந்தன. சமையல் கட்டுக்குள் போனால் மெல்லிய ஜவ்வாது வாசனை வரும். அந்த நாட்களில் அத்தை என்னிடம் கொஞ்சம் பேசவும் தொடங்கியிருந்தார், எல்லாம் மகனின் சின்ன வயதுக் கதைகள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சந்தோஷமாக இருப்பது தெரிந்தது. என் பொய்யால் வந்தது என்பதும் தெரிந்தது. இரண்டும் என்னைத் தொடவில்லை.

வைகாசியில் வருஷத் திதி வந்தது. பள்ளிப்பட்டிலிருந்து மூத்த மகன் குடும்பத்தோடு வந்தார். திதி முடிந்ததும் அம்மாவை அழைத்துப்போவதாகப் பேச்சு. மதியம் இலை போடுகிற நேரத்தில் தலையாரியும் வந்து நின்றார். திதி நாளை ஆபீஸில் கேட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. கரண்டி விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. நெடுநாளுக்குப் பிறகு என் காதில் ஏதோ ஒன்று உரக்க விழுந்த மாதிரி இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அத்தை அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு அரைகுறை. சமையல் கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மதில் ஓரத்தைக் காட்டி எதையோ கேட்டார். தலையாரி கையை விரித்தார். அத்தை மறுபடியும் கேட்டார். அவர் தலையை ஆட்டி, "தெலீது அம்மா" என்றார். தெரியாது. அந்த ஒரு தெலுங்குச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். எல்லைப் பக்கத்து ஆட்கள் ஆபீஸுக்கு வந்தால் முதலில் சொல்வது அதைத்தான்.

அத்தை பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் பாத்திரத்தின் மேல் குனிந்துகொண்டேன். கத்தப் போகிறார், இல்லை, ஒன்றும் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு மூத்த மகனோடு போகப் போகிறார் என்று நினைத்தேன். எது நடந்தாலும் அது எனக்கு வர வேண்டியதுதான் என்று இருந்தது. தலையாரி விடைபெற்றுப் போனார். என்னிடம் சொல்லிக்கொண்டபோது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னதால் இங்கே என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மாலையில் அத்தை கண்ணாடிப் புட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள். புட்டியை அப்படியே என் மடியில் வைத்தார்.

"இது உன்னுதும்மா."

"உங்களுக்குன்னுதானே அத்தை..."

"தலையாரிகிட்ட இப்பதான் கேட்டேன். உனக்குன்னு சொல்லித்தான் எடுத்துக்கினானாம். அன்னிக்கு உன்கிட்ட எனக்குன்னு சொன்னானே, அது அவன் தப்பா ஞாபகம் வெச்சிக்கினு சொன்னதாம். வயசாவுது இல்ல, அவனுக்கும்."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பிடித்து என்மேல் வீசாமல், பழியைத் தலையாரியின் ஞாபக மறதிமேல் போட்டு, ஆறு மாதம் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்ததை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரியாது. அந்தச் சொல் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்றும் தெரியாது. தெரியாமலே கொடுத்தார்.

"ஆங், சரி அத்தை" என்றேன்.

அழுகை அப்போதும் வரவில்லை. பசித்தது. ஒரு வருஷத்தில் முதல் முறையாக, வயிற்றைச் சுருட்டிக்கொண்டு பசி வந்தது. மதியத்துச் சோறு மிச்சமிருந்தது. அத்தையே போட்டு எடுத்து வந்தார். சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் மூத்த மகன் பெட்டியை எடுக்க வந்தபோது, "ஆடி வரிக்கும் இருக்கறேன், வெதை போடணும்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். ஆடி போனது, தை வந்தது, போனது. பத்து வருஷத்துக்குமேல் என்னோடுதான் இருந்தார். மரமரப்பு எனக்கு எந்த நாளில் விட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் பால் பாத்திரம் சுட்டது, கையை உதறினேன், அவ்வளவுதான்.

அந்த இரண்டு பொய்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் இருவரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. யாராவது இது என்ன செடி, எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "என் கணவர் அவங்க அம்மாவுக்காகக் கொண்டுவந்தது" என்பேன் நான். "என் மகன் அவன் பெண்டாட்டிக்காகக் கொண்டாந்தது" என்பார் அத்தை. பெரும்பாலும் வேறு வேறு ஆட்களிடம் சொல்வோம் என்பதால் சிக்கல் வரவில்லை.

எண்பதுகளில், அத்தைக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆன பிறகு, ஆபீஸுக்குப் புதிதாக ஒரு டைப்பிஸ்ட் பெண் வந்தாள். ஒருநாள் மாலை விதை கேட்டு என்னோடு வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியில் வழக்கம்போல என் கதையைச் சொல்லியிருந்தேன். அத்தை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்வாசலில் காய் உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கை விதையை அவளுடைய காகிதத்தில் கொட்டிவிட்டு, "இவ புருஷன் இவளுக்காக ஜோபியில போட்டுக்கினு வந்தது. ஜாக்கிரதையா வெச்சிக்கோ" என்றார்.

அந்தப் பெண் குழப்பத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அம்மாவுக்காகன்னு சொன்னீங்களே அக்கா?"

அத்தையின் கை காயின் மேல் நின்றது. கறுப்புக் கண்ணாடிக்குள் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை.

"அத்தை சொல்றதுதான் சரி" என்றேன்.

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார். நான் ஆபீஸ் புடவையோடே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காயை எடுத்தேன்.